பேராசிரியர் இருமக் கற்றுக்கொண்டார்

சுகாதார அறிவியல் துறையில் நான் சேர்ந்தபோது என் அறை வாசலில் ‘ஆராய்ச்சித் தாக்க அலுவலர்’ என்று ஒரு பலகை மாட்டினார்கள். துறையின் வாட்ச்மேன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “யாரைத் தாக்கணும் மேடம்?” என்று மரியாதையாகக் கேட்டார். பல வருஷம் அங்கே குப்பை கொட்டிய பிறகும் அவருக்கு என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அதே வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் முன்னால் என்னை நிறுத்தி, அனுபவத்தைச் சொல்லுங்கள் என்கிறார்கள். அறிக்கை எழுதுவது எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நம் வேலை சுலபமானது போலத்தான் தோன்றும். பேராசிரியர்கள் ஆராய்ச்சி செய்கிறார்கள். அதனால் வெளியே யாராவது ஒரு மனிதருக்கு நல்லது நடந்ததா என்று பார்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் நடக்க வைக்க வேண்டும். நடந்தால் நிதி கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டும். ஒரே சங்கடம், வெளியே இருக்கும் மனிதருக்கு நாம் நினைத்தது மட்டும்தான் நடக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. பழவேற்காட்டு அமுலுவுக்கு நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் துறையில் காசநோய் ஆராய்ச்சியில் பெரிய ஆளாக ஒரு மருத்துவப் பேராசிரியர் இருந்தார். பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களில், இருமல் வந்தும் ஜனங்கள் ஏன் மாதக்கணக்கில் பரிசோதனைக்கு வராமல் இருக்கிறார்கள் என்று அவர் ஆராய்ந்தார். அவர் கண்டுபிடித்ததை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: வெட்கம். நோயை விட, டிபிக்காரன் என்கிற பெயருக்குத்தான் பயந்தார்கள். அவர் இதை ஒரே வார்த்தையில் சொல்லவில்லை. சமூகக் களங்கம் என்று தலைப்பிட்டுக் கட்டுரை கட்டுரையாக எழுதினார், மேடை மேடையாகப் பேசினார். நல்ல மனிதர். கஞ்சி போட்ட சட்டை மாதிரி கொஞ்சம் விறைப்பு, அவ்வளவுதான்.

நிதி கொடுத்த நிறுவனம் ஒருநாள், ‘கட்டுரைகள் இருக்கட்டும், குப்பத்தில் என்ன மாறியது? எங்கள் நிபுணர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள்’ என்று சொல்லிவிட்டது. பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். செல்போனில் பரவுகிற மாதிரி ஒரு சின்னப் படம் எடுப்பது என்று முடிவு செய்தோம். கதை இதுதான்: ஒரு பெண்ணுக்கு இருமல், யாருக்கும் தெரியாமல் மறைக்கிறாள், கடைசியில் சளிப் பரிசோதனைக்குப் போகிறாள், மாத்திரை சாப்பிடுகிறாள், தேறுகிறாள், சிரிக்கிறாள்.

அந்தப் பெண்ணாக நடிக்கத்தான் அமுலு வந்தாள். பழவேற்காட்டு ஏலத்தில் இறாலும் நண்டும் எடுத்து, பஸ் ஏறி மீஞ்சூருக்குப் போய்த் தெருத்தெருவாக விற்பவள். ஏலக்கூடத்தில் அவள் குரல் எழும்பினால் மற்றவர்கள் விலை கேட்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்ப்பார்கள். நடிக்கிறீர்களா என்று கேட்டதும், “இன்னா வேசம்?” என்று மட்டும்தான் கேட்டாள். இருமச் சொன்னதும் இருமினாள் பாருங்கள், கேமராக்காரர் தன்னை அறியாமல் இரண்டடி பின்னால் போனார். பேராசிரியர் கைதட்டினார்.

படம் பரவியது. பேராசிரியர் ஒரு நாளைக்கு நாலு தடவை என் அறைக்கு வந்து, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போவார். அவருடைய நடையே மாறிவிட்டது.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். காலையில் பேராசிரியர் அறையில் நிபுணர்களின் வருகை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கதவு திறந்தது. தலையில் கூடையோடு அமுலு. கூடையை இறக்கி மேசைமேல் வைத்தாள். உள்ளே அத்தனையும் உயிரோடு இருந்த நண்டு.

“விக்கல,” என்றாள்.

“உட்காருங்கம்மா, என்ன ஆச்சு?” என்றார் பேராசிரியர்.

“இன்னா ஆச்சா? உங்க படந்தான் ஆச்சு. மீஞ்சூர்ல ஒரு வூட்டுலயும் கேட்டத் தெறக்க மாட்றாங்க. உள்ள நின்னுக்கினே கைய ஆட்டி, போ போன்றாங்க. டிபிக்காரி தொட்ட மீனு வேணாமாம். வருசக்கணக்கா எங்கிட்ட வாங்கித் துன்ன வாயி சார் அது. பஸ்ல பக்கத்துல ஒத்தரும் குந்த மாட்றாங்க. அது ஒண்ணுதான் சவுகரியமா கீது.”

யாரோ ஒரு புண்ணியவான் படத்தின் பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டு, அவள் இருமுகிற பகுதியை மட்டும், ‘மீன் வாங்குவோர் ஜாக்கிரதை’ என்று எழுதி மீஞ்சூர் முழுக்க அனுப்பியிருந்தார். மாத்திரையும் தேறுதலும் சிரிப்பும் போயே போய்விட்டன. அமுலு தன் போனில் அதைக் காட்டினாள். அந்த நேரம் பார்த்துக் கூடையிலிருந்து ஒரு நண்டு இறங்கி மேசைக்கு அடியில் போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்த பேச்சு முழுவதையும் பேராசிரியர் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

“எங்க வூட்டு ஆளு கூட நேத்து, ‘மெய்யாலுமே ஒண்ணுமில்லியே?’னு கேக்குது. படம் எடுக்கறப்போ பக்கத்துல நின்னு பாத்த ஆளு மேடம் அது,” என்றாள் என்னிடம். அவள் குரல் அப்போதுதான் முதல் தடவையாக இறங்கியது.

பேராசிரியர் உடனே தீர்ப்புச் சொன்னார். “சிம்பிள். துறை பேர்ல ஒரு அறிவிப்பு போட்டுடுவோம். ‘அமுலுவுக்குக் காசநோய் இல்லை, அவர் நடித்தார், அவரிடம் தாராளமாக மீன் வாங்கலாம்.’ மேடம், இப்பவே டைப் பண்ணிடுங்க.”

நானும் உட்கார்ந்து டைப் செய்ய ஆரம்பித்தேன். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அந்தப் பெண் நண்டோடு எதிரே நிற்கிறாள், நிபுணர்கள் அடுத்த வாரம் வருகிறார்கள், பேராசிரியர் நாற்காலிமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார். இந்த மாதிரி நேரத்தில் முதலில் தோன்றுவது எதுவாக இருந்தாலும் அது தெய்வவாக்கு மாதிரி இருக்கும். ‘அமுலுவுக்குக் காசநோய் இல்லை. ஆகவே அவரிடம் மீன் வாங்கலாம்’ என்று அடித்தேன். ‘ஆகவே’ என்ற இடத்தில் என் கை நின்றுவிட்டது.

அப்படியென்றால், காசநோய் இருந்தால் வாங்கக் கூடாதா?

பேராசிரியரிடம் சொன்னேன். “சார், இந்த ஒரு வாக்கியத்தால இவங்க தப்பிச்சிடுவாங்க. நிஜமாவே நோய் இருக்கிற எல்லாரும் மாட்டிக்குவாங்க. நீங்க இத்தனை வருஷமா எதை எதிர்த்து எழுதினீங்களோ, அதை நாமளே லெட்டர்பேடில போட்டு ஒத்துக்கற மாதிரி ஆயிடும்.”

எதற்கும் இருக்கட்டும் என்று குப்பத்துக் கிராமச் செவிலியருக்குப் போன் போட்டேன். அவர் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. சளிப் பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு பேர்கூட அந்த வெட்டுப்படம் வந்ததிலிருந்து வரவில்லையாம். “அமுலுக்கே இந்த கதின்னா எங்க கதி இன்னான்னு கேக்கறாங்க மேடம்,” என்றார். வெட்கத்தைப் போக்கப் போன நாங்கள் கூடை நிறைய வெட்கத்தைக் கொண்டுபோய்க் கொட்டியிருந்தோம்.

“சரி, அவங்களுக்கு ஒரு டெஸ்ட் எடுத்து சர்டிபிகேட் கொடுத்துடலாமா?” என்றார் பேராசிரியர், பாதி மனதோடு.

“சர்டிபிகேட்ட கூடை மேல ஒட்டிக்கினு விக்கவா சார்?” என்றாள் அமுலு. “எனக்கு அதெல்லாம் வேணாம். இன்னொரு படம் எடுங்க. இந்த வாட்டி இருமறது நீங்க. நீங்க நோயாளி, நானு மீன் விக்கறவ. எல்லாரும் உங்கள வெரட்டறாங்க. நானு மட்டும் கூப்ட்டு மீனு குடுத்து, போயி டெஸ்ட் எட்துக்கோ நைனான்னு புத்தி சொல்றேன்.”

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் மேசைக்கு அடியில் நண்டைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். சிரிப்பை மறைக்க வேறு இடமில்லை. ஆனால் குனிந்தபடியே யோசித்தேன். யோசனை மோசமில்லை. பெரிய டாக்டரே நோயாளியாக வந்தால், இது யாருக்கும் வரும் என்பது தானாகவே விளங்கிவிடும். எழுந்து, “எடுக்கலாம் சார்,” என்றேன்.

“‘இது நடிப்பு’னு கீழ ஒரு வரி போட்டுடுவோம்,” என்றார் அவர்.

“எனுக்கு போட்டீங்களா?” என்றாள் அமுலு.

போடவில்லை. அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பேராசிரியர் பெருந்தன்மையாகச் சிரித்தார். “போட வேண்டாம். என்னை எல்லாருக்கும் தெரியும். எனக்குக் காசநோய்னு யார் நம்பப் போறாங்க?”

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. நம்மோடு வேலை பார்க்கும் ஒருவர், ‘என்னைப் பற்றி அப்படி யார் நினைப்பார்கள்’ என்று சொன்னால் வாதாடக் கூடாது. கேமராவைத் தயார் செய்ய வேண்டும்.

படப்பிடிப்பு பழவேற்காட்டில், பாலத்துக்குப் பக்கத்தில் மீன் விற்கிற இடத்தில் நடந்தது. பேராசிரியர் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். அமுலு அதைக் கழற்றச் சொல்லி, தன் வீட்டுக்காரரின் பழைய சட்டையைப் போட வைத்தாள். முதல் தடவை அவர் இருமியதும் கையை நீட்டி நிறுத்தினாள்.

“சார், இது இருமலா? மீட்டிங்ல பேசறதுக்கு முன்னாடி தொண்டையக் கனைக்கற மாதிரி கீது.”

மறுபடி இருமினார்.

“ஊஹூம். அது தும்மலோட தம்பி. அடி வயித்துலேர்ந்து வரட்டும். வலை இழுக்கறவன் எப்டி இழுப்பான்? அப்டி இழுங்க.”

காசநோய் இருமலைப் பற்றி உலகத்துக்கே பாடம் நடத்தியவர், நண்டுக்கூடைகளுக்கு நடுவே நின்று, வேர்க்க விறுவிறுக்க இருமக் கற்றுக்கொண்டார். ஏழெட்டு தடவைக்குப் பிறகு ஒன்று வந்தது. பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் விலகியது. ஒருவர் சோடா வாங்கிவர ஓடினார். விரட்டுவதற்கென்று நாங்கள் பேசி வைத்திருந்த பெண்கள் சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாகவே விரட்டினார்கள். அதில் ஒருத்தி தண்ணீர் தெளித்து அவர் நின்ற இடத்தைக் கழுவினாள். அதை நாங்கள் எழுதவில்லை. பேராசிரியரின் முகத்தில் அப்போது வந்த பாவனையும் நடிப்பில்லை.

அமுலு அவரைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, பையில் இறாலை அள்ளிப் போட்டாள். “மீனுல ஒட்டிக்கினு வராது நைனா இது. வாய மூடிக்கினு இருமு. போயி சளி குட்து பாரு. கெவுருமெண்டு மாத்திரை சும்மா குட்க்கறாங்க, நடுவுல வுட்டுறாம துன்னா நல்லாப்பூடும். தேறி வா, நண்டு தரேன்.” ஒரே மூச்சில் சொன்னாள். நாங்கள் எழுதிக் கொடுத்த வசனத்தில் ஒரு சொல்கூட அதில் இல்லை. இந்தத் தடவை படத்தை ஒரே காட்சியாக வைத்தோம். எங்கே வெட்டினாலும் அவள் பேச்சு துண்டாகத் தெரியும்.

அது முதல் படத்தைவிட வேகமாகப் பரவியது. மீஞ்சூரில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லாம் திறக்கவில்லை, நான் பொய் சொல்ல மாட்டேன். சில பழைய வாடிக்கைகள் கடைசி வரை திரும்பவில்லை. ஆனால் படத்தில் பார்த்த அமுலுவைத் தேடி வந்து வாங்குகிறவர்கள் புதிதாக முளைத்தார்கள். அவளுடைய வீட்டுக்காரர் சட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை. டாக்டர் போட்ட சட்டை என்று மடித்து வைத்துவிட்டாராம்.

பேராசிரியர் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார். நாலைந்து நாளில் என் அறைக்கு வந்தார். இந்தத் தடவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“லிஃப்டுல ஏறினேன் மேடம். உள்ள இருந்தவர் இறங்கிட்டார். படியில போனா உடம்புக்கு நல்லதாம். வேலைக்கு வர்ற அம்மா ஊருக்குப் போயிருக்காங்க. எந்த ஊருன்னு சொல்லல. சாயங்காலம் என்கூட வாக்கிங் வர்றவர் ரிட்டயர்ட் டாக்டர். அவரே பார்க்குக்கு அந்தப் பக்கமா நடக்கறார்.”

“அச்சச்சோ,” என்றேன். என் குரலில் போதுமான வருத்தம் இருந்ததா என்று தெரியவில்லை.

“குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுல ஒரு அறிவிப்பு போட்டுடலாமா? நான் நடிச்சேன், எனக்கு ஒண்ணும் இல்லை, தாராளமா என்கூட...” அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எனக்கு முன்னால் அவரே அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டார். பிறகு, “எவ்வளவு எழுதியிருக்கேன் இதைப் பத்தி,” என்றார். “லிஃப்டுக்குள்ள தனியா நிக்கறது எப்படி இருக்கும்னு ஒரு வரி எழுதலையே.”

அவர் அறிவிப்புப் போடவில்லை. நானும் கேலி செய்யவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது உங்களுக்குப் புரியாது.

நிபுணர்கள் மூன்று பேர் வந்தார்கள். பழவேற்காட்டு ஏலக்கூடத்தில் ஊர்க்கூட்டம் ஏற்பாடு செய்திருந்தோம். குப்பத்து ஜனங்கள் தரையிலும், நிபுணர்களும் பேராசிரியரும் பிளாஸ்டிக் நாற்காலிகளிலும் உட்கார்ந்தார்கள். பேராசிரியர் எழுந்து பேச ஆரம்பித்தார். ஏரிக்காற்றும் கருவாட்டுத் தூசியும் தொண்டையில் போய்விட்டதோ என்னவோ, நடுவே நிஜமாகவே இருமினார். அமுலு சொல்லிக் கொடுத்த பழக்கம், அடி வயிற்றிலிருந்து வந்தது. பேச முடியாமல் அவர் உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த நிபுணர் தன் நாற்காலியை மெதுவாக, மிகவும் நாகரிகமாக, ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அவருக்கும் யாரோ படத்தை அனுப்பியிருக்கிறார்கள். காசநோய் ஒழிப்பு பற்றி முடிவு செய்ய வந்தவர்.

நான் முன்னால் வந்து ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன். கூட்டம் முழுவதும் அந்த நாற்காலி நகர்ந்ததைப் பார்த்துவிட்டது. பேராசிரியர் வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தார். அவர் அவமானப்பட்டது தெரிந்தது. ஆனால் கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நாற்பது வயது இருக்கும், நல்ல உயரம், சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நடந்து வந்து, நாற்காலி நகர்ந்ததால் காலியாகக் கிடந்த அந்த இடத்தில், பேராசிரியரின் காலடியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். அவர் கேட்டது பின்னால் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

“சாரு, உங்களுக்கு அந்த மாத்திரை சேந்துச்சா? வயித்தப் பொரட்டுதுன்றாங்களே. எனுக்கும் ரெண்டு மூணு மாசமா இருமலு. வூட்ல சொல்லல.”

பேராசிரியர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். எனக்கு நோயே இல்லை, நடித்தேன் என்று உண்மையைச் சொன்னால், இந்த மனிதர் எழுந்து போய்விடுவார். அவர் துணிந்து வந்ததே தன்னைப் போல இன்னொருவர் இருக்கிறார் என்று நம்பித்தான். பொய் சொன்னால், ஒரு நோயாளியிடம் மருத்துவர் பொய் சொன்னதாகிவிடும். மூன்று நிபுணர்கள் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பேராசிரியர் நாற்காலியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “சிலருக்குப் பொரட்டும். அதுக்கும் வழி இருக்கு,” என்றார். “நர்சம்மா வெளியதான் இருக்காங்க. வாங்க, நானும் வரேன். ரெண்டு பேருமே சளி கொடுத்துப் பார்த்துடுவோம். எனக்கும் இப்ப இருமல் இருக்கு, பார்த்தீங்க இல்ல?”

அதில் பொய் ஒன்றுகூட இல்லை. இருவரும் எழுந்து, ஒருவர் தோளை ஒருவர் உரசியபடி வெளியே போனார்கள். பேசிக்கொண்டிருந்த பேராசிரியர் பாதியில் காணாமல் போனதால் நிபுணர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் அமுலுவைப் பார்த்தேன். அவள் எழுந்து, விட்ட இடத்திலிருந்து தானே பேச ஆரம்பித்துவிட்டாள். நாற்காலி நகர்த்தியவரைப் பார்த்தபடியேதான் பேசினாள்.

பரிசோதனையில் பேராசிரியருக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்த மனிதருக்கு இருந்தது. மாத்திரை சாப்பிட்டார், நடுவில் ஒருமுறை நிறுத்தப் பார்த்தார். அமுலு அவர் வீட்டு வாசலில் போய்க் கத்தியதும் தொடர்ந்தார், தேறினார். மறுபடி ஏரிக்குப் போகிறார். அவர் பரிசோதனைக்குப் போனதைப் பார்த்து அந்தக் குப்பத்திலிருந்து இன்னும் சிலர் போனார்கள். எங்கள் நிதி தொடர்ந்ததா என்று கேட்கிறீர்களா? தொடர்ந்தது. நாற்காலி நகர்த்தியவர்தான் முதலில் சம்மதித்தாராம்.

அந்தக் குப்பத்தில் மட்டும் இன்றைக்கும் ஒரு விஷயம் உறுதியாக நம்பப்படுகிறது. ‘மெட்ராஸ் டாக்டருக்கே வந்துச்சு, மாத்திரை துன்னாரு, சோக்கா ஆயிட்டாரு’ என்று புதிதாக இருமுகிறவர்களிடம் சொல்கிறார்கள். பேராசிரியர் அங்கே போகும்போதெல்லாம் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு, “இப்போ எப்டி கீது சார் உடம்பு?” என்று விசாரிக்கிறார்கள். அவர் சிரித்துக்கொண்டே, “நல்லா இருக்கேன்பா,” என்கிறார். நீங்கள் வேலையாக அந்தப் பக்கம் போனால், உங்களிடமும் கேட்பார்கள். நல்லா இருக்கார் என்று சொல்லுங்கள். அதற்குமேல் எதையும் திருத்த வேண்டாம்.